நாலு மாசம் ஓடின ஃபான்

தம்பி, கொஞ்சம் அரக்கி இரும். முழங்கால் ஏலாது எனக்கு. போனிலை நீர் கதைச்சதைக் கேட்டுத்தான் தமிழெண்டு விளங்கினது. சட்டையிலை ஃபேர்னஸ் கொம்பனியின்ர பேர் கிடக்கு, பையுக்கை சாமான் கிலுங்குது. வீடுகளிலை ஹீற்றிங் திருத்திற ஆள்தானே? அப்ப உம்மட்டைத்தான் கேக்க வேணும். எங்கை இறங்கிறீர்? கடைசி ஸ்ரொப்போ. நல்லதாப் போச்சுது, நானும் கடைசி மட்டும்தான்.

விசயம் இதுதான். இப்பிடி எண்டு வைச்சுக்கொள்ளும். வீட்டிலை ஃபேர்னஸ் எரியேல்லை. சூடு வரேல்லை. ஆனா அதின்ர ஃபான் மட்டும் ஓடிக்கொண்டே இருக்குது. நிக்குதில்லை. என்ன காரணம்?

ம். தேர்மோஸ்ராற்றிலை ஃபான் சுவிச்சு ஓனிலை கிடக்கும், ஓட்டோவிலை விடுங்கோ எண்டுறீர். எல்லாரும் முதல் அதைத்தான் சொல்லுகினம். தம்பி, நான் இருபத்தாறு வருசம் கார்ச் சாமான் செய்யிற ஃபக்ரறியிலை மெஷின் பாத்தவன். பரராசசிங்கம் கை வைச்சா மெஷின் சொல்லுக் கேக்கும் எண்டு அங்கை கதை. சுவிச்சைப் பாக்கத் தெரியாத ஆளில்லை நான். பாத்தன். ஓட்டோவிலைதான் கிடந்தது. ஓட்டோவிலை விட்டா சூடு வரேக்கை மட்டும்தானே ஃபான் ஓட வேணும். ஓட்டோவிலை கிடக்க, ஃபான் ஓடுது. அதுக்கு என்ன சொல்லுறீர்?

பொறும், பொறும். மறுமொழி இப்ப வேண்டாம். முழுக்கக் கேட்டிட்டுச் சொல்லும். தூரப் பஸ்தானே.

எனக்கு ஒரு மகள். இதை முதலே சொல்லிப்போடுறன், பிறகு ஏன் ஒளிச்சனீங்கள் எண்டு கேப்பீர். ஆரணி எண்டு பேர். வீட்டிலை நான் அந்தப் பேரை எடுக்கிறேல்லை, பஸ்ஸிலை எடுத்தாப் பரவாயில்லை. ஒண்டரை வருசத்துக்கு முன்னம் கலியாணம் முடிச்சவள். ஆரை? கேதீசின்ர மோனை. உமக்குக் கேதீசைத் தெரியாதோ? கேதீஸ்வரன். எங்கட ஊர்ச் சங்கத்திலை எட்டு வருசம் தலைவர் கதிரையிலை ஒட்டிக்கொண்டு இருந்த ஆள்.

அவன் தலைவரா இருந்த ஒரு வருசம் பொதுக்கூட்டம். இஞ்சை சேர்த்த காசிலை ஊர் வாசிகசாலைக்குக் கூரை போடுறதோ, விளையாட்டுத் திடலுக்கு மதில் கட்டுறதோ எண்டு வழக்கு. கூரைதான் எண்டு நான் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போய்க் கதைக்கிறன். ரண்டாம் பக்கம் முடியேல்லை, கேதீஸ் மேடையிலை இருந்தபடியே கையை நீட்டி மைக்கின்ர சுவிச்சைத் தட்டினான். நேரம் போட்டுதண்ணை எண்டு ஒரு சிரிப்பும் சிரிச்சான். முந்நூறு சனம். என்ர வாய் அசையுது, சத்தம் வரேல்லை. பின் வரிசையிலை ஆரோ சிரிச்சவை, அது எனக்குக் கேட்டது. ஒரு மனுசன்ர வாயை அப்பிடிப் பொத்தலாமோ தம்பி? கதைக்க வாறவனைக் கதைக்க விடாமல் பண்ணுறது எவ்வளவு பெரிய அநியாயம்? எனக்கு நெஞ்சு பத்தி எரிஞ்சது. இப்பவும் எரியுது. அதுக்குப் பிறகு நான் சங்கத்து வாசல் மிதிக்கேல்லை.

அந்தாளின்ர மோனைத்தான் இவள் விரும்பிக்கொண்டு வந்து நிக்கிறாள். சாப்பாட்டு மேசையிலை வைச்சுச் சொல்லுறாள். ஊர் உலகத்திலை வேறை ஒருத்தரும் உனக்குக் கிடைக்கேல்லையோ எண்டு கேட்டன். அதுக்கு அவள் சொன்ன மறுமொழியைக் கேளும்.

"அப்பா, அது ஒரு மைக்தானே."

மைக்தானே. அந்தத் "தானே"யை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன்.

கலியாணத்துக்கு நான் போகேல்லை. மனுசியையும் விடேல்லை. அண்டைக்குக் காலமை எழும்பி, செத்த வீட்டுக்குப் போட்டு வந்து முழுகிற மாதிரித் தலை முழுகினன். மனுசியையும் முழுகச் சொன்னன், அவவும் முழுகினா. தவமலர் எண்டு பேர். முப்பத்திமூண்டு வருசம் என்ர சொல்லுத் தட்டாத மனுசி. இனி இந்த வீட்டிலை அவளின்ர பேர் எடுக்கிறேல்லை, படம் வைக்கிறேல்லை, போன் எடுக்கிறேல்லை, நானும் அவளின்ர முகத்திலை முழிக்கிறேல்லை எண்டு சாமிப் படத்துக்கு முன்னாலை சத்தியம் பண்ணினன். மனுசி ஒண்டும் சொல்லேல்லை. ஒத்துக்கொண்டா எண்டுதானே அர்த்தம்?

அடுத்த கிழமையே ஒருக்காப் பிடிபட்டா. நான் முன்னறையிலை ரீவி பாத்துக்கொண்டு இருக்கிறன். உமக்குத் தெரியுந்தானே, ஃபேர்னஸ் காத்து வாற வென்ற் ஒவ்வொரு அறையிலையும் நிலத்திலை இருக்கு. ஒரே தகரக் குழாய்தான் வீடு முழுக்க ஓடுது. கீழை பேஸ்மென்ற்றிலை ஆரும் தும்மினா மேலை எனக்குக் கேக்கும். அண்டைக்கு அந்த வென்ற்றுக்காலை மனுசியின்ர குரல் வருது. "சாப்பிட்டியோ பிள்ளை" எண்டு. உடுப்புத் தோய்க்கிற மெஷினடியிலை நிண்டு குசுகுசுக்கிறா. நான் கீழை இறங்கிப் போனன். அடிக்கேல்லை, ஏசேல்லை. உமக்குச் சொல்லுறன், அப்பிடிப்பட்ட ஆளில்லை நான். போனைக் கையாலை வாங்கி லாச்சியுக்கை வைச்சுப் பூட்டினன், அவ்வளவுதான். ஒரு கிழமையாலை, டொக்டர் வீட்டுக் கோல் வரும் எண்டபடியாத் திருப்பிக் குடுத்தனான். அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வீடு அமைதியா இருந்தது.

போன கார்த்திகையிலைதான் இந்த ஃபான் வருத்தம் தொடங்கினது. மத்தியானம் சாப்பிட்டுட்டு நான் ரீவிக்கு முன்னாலை சாய்ஞ்சா, கொஞ்ச நேரத்தாலை வென்ற்றுக்காலை "உஸ்" எண்டு காத்து வரும். சூடான காத்தில்லை, பச்சைத் தண்ணி மாதிரி. ஒரு மணித்தியாலம், சிலவேளை ரண்டு. முதல் நாள் பாக்கேக்கை தேர்மோஸ்ராற்றிலை ஓனிலைதான் கிடந்தது, அதை ஒத்துக்கொள்ளுறன். சட்டைக் கை முட்டிப்பட்டிருக்கும் எண்டு ஓட்டோவிலை விட்டன். அது எங்கட படுக்கையறை வாசலிலை, சுவரிலை இருக்கு. அதுக்குப் பிறகு எப்ப பாத்தாலும் ஓட்டோதான். ஆனா ஃபான் ஓடும். நான் எழும்பி நொண்டி நொண்டி அங்கை போறதுக்கிடையிலை நிண்டிடும். டொக்டரைக் கண்டவுடனை பல்லுக்குத்து மாறுற மாதிரி. நான் திரும்பி வந்து கதிரையிலை இருந்து ஒரு கால் மணித்தியாலம் போகாது, திருப்பி உஸ்.

எனக்கெண்டா விசர் பிடிச்சுது. ஒரு மெஷின் என்னோடை விளையாடுறதோ? ஃபில்ரரை மாத்தினன். தேர்மோஸ்ராற்றைக் கழட்டிப்போட்டுப் புதுசு பூட்டினன். வயர் எல்லாத்தையும் ஒண்டொண்டாப் பாத்து, பேனையாலை அடையாளம் போட்டு வைச்சன். ஓடினது. தயாபரன் எண்டு எங்கட பெடியன் ஒருத்தன், உம்மை மாதிரி லைசன்ஸ் உள்ளவன், அவனைக் கூப்பிட்டன். சூடு கூடினா ஃபானை ஓடவிடுற லிமிற் சுவிச்சு ஒண்டு இருக்கெல்லே, அதை மாத்தினான். ஓடினது. கறண்ட் போர்ட்டிலை ஃபானைப் போட்டு நிப்பாட்டுற றிலே ஒட்டிப்பிடிச்சிருக்கும் எண்டு போர்ட்டையே மாத்தினான். அதுக்குப் பிறகும் ஓடினது. மனுசி மேலை நிண்டு தேத்தண்ணி ஊத்தித் தந்துகொண்டு, "விடுங்கோவன், காத்துத்தானே, ஓடிப்போட்டுப் போகட்டும்" எண்டுவா. பாவம், அவவுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்? ரீவி றிமோட்டைத் தலைகீழாப் பிடிக்கிற மனுசி.

மூண்டாந்தரம் வரேக்கை தயாபரன் சாமானை எடுத்து வைச்சிட்டுச் சொன்னான், அண்ணை, மெஷினிலை ஒரு பிழையும் இல்லை, வீட்டுக்கை ஆரோ கையாலை சுவிச்சைத் தட்டுகினம் எண்டு. என்ர வீட்டுக்கை எனக்குத் தெரியாமல் ஆர் தட்டுறது எண்டு நான் அவனோடை பாய்ஞ்சிட்டன். வேலை தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லு, என்ர வீட்டாக்களிலை பழி போடாதை எண்டன். அவன் கும்பிட்டுட்டுப் போனவன்தான். இப்ப கோல் எடுத்தாலும் எடுக்கிறேல்லை.

ஆனா அவன் போனாப் பிறகு யோசிச்சுப் பாத்தன். வீட்டாக்கள் எண்டா நானும் மனுசியும். பேஸ்மென்ற்றிலை குடியிருக்கிறவன் வீட்டாளோ? இல்லையே. சிவநேசன் எண்டு ஒரு ஆள் ரண்டு வருசமா இருந்தவன். நாப்பத்தைஞ்சு வயசிருக்கும், குடும்பம் ஊரிலை, இஞ்சை பாண் சுடுற வெதுப்பகத்திலை வேலை. விடியக் காலமை போய் மத்தியானத்தோடை வந்திடுவான். ஃபேர்னஸ் எங்கை இருக்கு? பேஸ்மென்ற்றிலை, அவன்ர கட்டிலுக்குப் பக்கத்துக் கதவு. போர்ட்டிலை ரண்டு வயரைச் சேத்துப் பிடிச்சா, மேலை ஓட்டோவிலை கிடந்தாலும் ஃபான் ஓடும். உமக்கே தெரியும். ஓடுற நேரமும் அவன் வேலையாலை வாற நேரமும் ஒண்டு. கணக்குச் சரியா வந்திட்டுது.

தை மாசம், வெளியிலை கால் வைக்கேலாத பனி. கீழை போய்க் கேட்டன். அவன் அப்பத்தான் சாப்பாட்டுக் கோப்பையோடை இருந்தவன். எழும்பி நிண்டு சொல்லுறான், அண்ணை, நான் ஏன் அதைத் தொடுறன், அது ஓடேக்கை எனக்கெல்லே குளிர் காத்து அடிக்குது, நானே உங்களுக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான் எண்டு. பாத்தீரோ, கேள்விக்கு மறுமொழி இல்லை, திருப்பி முறைப்பாடு. மாச முடிவோடை வெளிக்கிடு எண்டன். பனிக்காலத்திலை நான் எங்கையண்ணை போறது எண்டு கேட்டான். அது எனக்குத் தெரியாது எண்டு சொன்னன். நான் படியேறி வரேக்கை மனுசி படி முடிவிலை நிக்கிறா. முகம் வெளுத்துப்போய் வாயைத் திறந்தா, பிறகு மூடிக்கொண்டு குசினிக்குள்ளை போட்டா. அவவுக்கு இரக்க குணம் கூட. அவன் போற அண்டைக்கு ஒரு பானை சோறும் கறியும் கட்டிக் குடுத்தா. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது, இல்லையெண்டு சொல்லேல்லை.

அவன் போன அடுத்த நாள் மத்தியானம் ஃபான் ஓடினது.

நான் என்ன நினைச்சன் சொல்லும் பாப்பம்? போகேக்கை வேணுமெண்டு ஏதோ வயரை மாத்தி வைச்சிட்டுப் போட்டான், நன்றி கெட்ட நாய் எண்டு நினைச்சன். மாசி முழுக்க அந்த வயரைத் தேடினன். டோர்ச் லைற்றை வாயிலை கவ்விக்கொண்டு, இந்த முழங்காலோடை, சீமெந்து நிலத்திலை. நான் கீழை கிடந்தா அது ஓடாது. மேலை வந்து ரீவிக்கு முன்னாலை இருந்தாத்தான் ஓடும்.

பங்குனி பிறந்து ஒரு கிழமை இருக்கும். அண்டைக்கும் மத்தியானம்தான். வழமை போலை உஸ் எண்டுது. நான் எழும்பேல்லை, அலுத்துப்போய்ச் சாய்ஞ்சு கிடந்தன். கொஞ்ச நேரத்தாலை ஒரு மணம் வந்துது தம்பி. வென்ற்றுக்காலைதான் வருது. மல்லி வறுக்கிற மணம். சரி, மனுசி தூள் இடிக்கப்போறா ஆக்கும் எண்டு இருந்தன். ஆனா தூளுக்கு வறுத்தா மிளகாய் மணம் மூக்கிலை ஏறும், இருமல் வரும். இருமல் வரேல்லை. மூக்கை வென்ற்றுக்குக் கிட்டக் கொண்டுபோய் வைச்சுப் பாத்தன். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எண்டுற சுக்கு. மிளகாய் இல்லை.

உமக்கு விளங்குதோ? கலியாணம் முடிச்சிட்டீரோ? அப்ப வீட்டிலை கேட்டுப் பாரும். அது சரக்குத் தூள். பிள்ளைப்பெத்த பெம்பிளையளுக்கு மட்டும் வைக்கிற கறிக்கு வறுக்கிறது. வேறை ஒருத்தருக்கும் ஒருத்தரும் வறுக்க மாட்டினம். எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேளும். ஆரணி பிறக்கேக்கை எங்களுக்கு இஞ்சை ஒரு சொந்தக்காரரும் இல்லை. மனுசியின்ர தாய் ஊரிலை, வர வழியில்லை. ஒரு அறை வீடு. மொன்றியலிலை இருந்த ஒரு அக்காவிட்டை போனிலை கேட்டுக் கேட்டு நானேதான் வறுத்தனான். கோப்பிக்கொட்டை அரைக்கிற மெஷினிலை அரைச்சனான். முப்பத்தொரு நாளும் வேலையாலை ஓடி வந்து சின்ன மீனிலை சரக்குக்கறி வைச்சுக் குடுத்தனான். அந்த மணம் ஒரு வருசம் என்ர ஜக்கெற்றாலை போகேல்லை. ஃபக்ரறியிலை வெள்ளைக்காரன் மூக்கைச் சுளிப்பான். எனக்கு அது பெருமையா இருந்தது. அது ஒரு நல்ல காலம் தம்பி.

நான் எழும்பிப் பேஸ்மென்ற்றுக்குப் போனன். சிவநேசன்ர குசினியிலைதான் மனுசி நிக்கிறா. அடுப்பிலை தாச்சி, கையிலை அகப்பை. போன் சீனி டப்பாவிலை சாத்தி வைச்சிருக்கு, அதுக்குள்ளாலை குரல் வருது. "அம்மா, பால் காணாது போலை கிடக்கு, அழுதுகொண்டே இருக்கிறாள்" எண்டு. ஒண்டரை வருசத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேக்கிறன். பின்னுக்கு ஒரு சின்னச் சத்தம், பூனைக்குட்டி கத்துற மாதிரி. மனுசி என்னைக் கண்டா. பயப்பிடேல்லை. அடுப்பை அணைச்சா, போனை அணைக்கேல்லை.

"ஆரணிக்குப் பெம்பிளைப் பிள்ளை. இண்டைக்கு ஒன்பதாம் நாள்" எண்டா.

நான் அப்ப கேட்டன், "அப்ப அந்த ஃபானைப் போட்டது நீரோ?"

ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? வேறை என்னத்தைக் கேக்கிறது? நாலு மாசம் தம்பி. நாலு மாசம் நான் அந்த மெஷினோடை மல்லுக்கட்டினன். ஒரு மனுசனுக்கு முதல் எது வருமோ அதுதானே வாயிலை வரும். மனுசியும் உம்மை மாதிரித்தான் பாத்தா. பிறகுதான் மனுசி சொன்னா, என்னோடை முப்பத்திமூண்டு வருசத்திலை கதைச்சதிலை அதுதான் நீளக் கதை.

"ஓம், நான்தான். நீங்கள் ரீவிக்கு முன்னாலை இருந்தா ஓனிலை விடுவன். உங்கட கால் சத்தம் கேட்டா ஓட்டோவிலை விடுவன். என்ர பிள்ளை பிள்ளைத்தாச்சியா இருந்துகொண்டு என்னத்தையம்மா தின்னிறது எண்டு கேட்டாள். அதைச் சொல்ல எனக்கு இந்த வீட்டிலை ஒரு மூலை இல்லை. உங்கட காதுக்குப் பயந்து படுக்கையறைக்கை, அந்தக் காத்துச் சத்தத்துக்குள்ளை நிண்டு கதைச்சன். அந்த மனுசனை நீங்கள் பனிக்கை கலைக்கேக்கை நான் வாய் திறக்கேல்லை. திறந்தா என்ர பிள்ளையோடை கதை நிண்டுபோம். அது என்ர பாவம், நான் சுமக்கிறன். மிச்சம் எல்லாம் உங்கட."

கதை வெளியாலை கேக்காது எண்டு ஃபானைப் போட்டவ, மணம் அதுக்காலைதான் வரும் எண்டு யோசிக்கேல்லை. கீழை இருக்கிற காத்தை இழுத்து வீடு முழுக்கத் தள்ளுறதுதானே ஃபான்ர வேலை. அதை நான் அவவுக்கு விளங்கப்படுத்தினன். அவ கேட்டுக்கொண்டிருக்கேல்லை. ஆறின தூளை ஹோர்லிக்ஸ் போத்தலிலை போட்டு மூடி இறுக்கிக்கொண்டு இருந்தா.

அரை மணித்தியாலத்திலை கேதீசின்ர மோன் காரோடை வந்திட்டான். வாசலிலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நிண்டு, வணக்கம் மாமா, உள்ளுக்கு வரலாமோ எண்டு கேட்டான். நான் தேர்மோஸ்ராற்றைப் பாத்துக்கொண்டு நிண்டன். அவன் மனுசியின்ர பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரடிக்குப் போனான். மனுசி போகேக்கை சோறு இருக்கு, பருப்பும் இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ எண்டா.

பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழிஞ்சா வருவா எண்டு இருந்தன். துடக்குக் கழிவும் முடிஞ்சுது. இப்ப அதுக்கு மேலை இருபது நாள். ஒருக்கா நானே கோல் எடுத்தன், கோப்பித்தூள் எங்கை கிடக்கு எண்டு கேக்க. எப்ப வாறீர் எண்டும் கேட்டன், கேக்காமல் விடேல்லை. அவ சொல்லுறா, வந்து கூட்டிக்கொண்டு போங்கோ, வாறன். ஆனா வாசலிலை நிண்டு பிள்ளைக்கு முன்னாலை நான் செய்தது பிழை எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்ல வேணும். அந்தச் சிவநேசனையும் தேடிப் போய்ச் சொல்ல வேணும் எண்டு. கேட்டீரோ கதையை? ஃபானைப் போட்டது ஆர்? ஒளிச்சது ஆர்? பொய் சொன்னது ஆர்? மன்னிப்புக் கேக்கிறது மட்டும் நான். இதிலை நான் செய்த பிழை என்ன எண்டு நீரே சொல்லும். சொல்லுமன்.

சரி, சொல்ல வேண்டாம் விடும்.

நான் கன நாள் யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சு வைச்சிருக்கிறன். அதுக்குத்தான் உம்மட்டைக் கதை தொடங்கினது. நீர் லைசன்ஸ் உள்ள ஆள். உங்கட கொம்பனித் துண்டிலை எனக்கு ஒரு நாலு வரி எழுதித் தாரும். போர்ட் பழுதுபட்டுக் கிடந்தது, அதாலைதான் ஃபான் தன்பாட்டிலை ஓடினது எண்டு. அவ்வளவுதான். மெஷின் பிழையெண்டா மனுசியும் ஒண்டும் செய்யேல்லை, நானும் ஒண்டும் செய்யேல்லை. ஒருத்தரும் ஒருத்தரிட்டையும் மன்னிப்புக் கேக்கத் தேவையில்லை. நான் அந்தத் துண்டைக் கொண்டுபோய் அவையின்ர கதவடியிலை நிண்டு, இந்தாரும், மெஷின்தான் பிழையாம், வெளிக்கிடும் வீட்டை போவம் எண்டு சொல்லலாம். அப்பிடியே குழந்தையையும் ஒருக்கா, போற வழியிலை எண்டு வைச்சுக்கொள்ளுமன்.

ஏலாதோ? ஓடுற மெஷினைப் பழுதெண்டு எழுதினா உம்மட லைசன்சுக்குப் பிரச்சினையோ. ம். தயாபரனும் உப்பிடித்தான் சொல்லியிருப்பான். அண்ணை, துண்டு வேண்டாம், சும்மா போய்க் கதவைத் தட்டுங்கோ எண்டுறீர். உமக்குச் சுகம். தட்டினாக் கதவைத் திறக்கிறது ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்? கேதீஸ் வந்திருந்தா? அவன் பேத்தியைத் தூக்கி வைச்சுக்கொண்டு திறந்தா? நான் என்ன சொல்லுவன் அப்ப? என்ர வாயிலை சத்தம் வருமோ?

வீட்டிலை இப்ப ஃபேர்னஸ் திறமா ஓடுது. சூடு வேணுமெண்டா ஓடும், காணுமெண்டா நிக்கும். பின்னேரத்திலை குண்டூசி விழுந்தாலும் கேக்கும். விழுத்தத்தான் ஆளில்லை. எனக்கு அந்த வீட்டுக்கை இருக்கேலாமல் கிடக்கு தம்பி, அதை ஏன் ஒளிப்பான். அதுதான் பஸ்ஸிலை ஏறுறன். கார் இருக்கு, ஆனா காரைக் கண்டா அவை அடையாளம் பிடிச்சிடுவினம். பஸ்ஸெண்டா ஆரும் பாக்க மாட்டினம்.

அந்தா சிக்னலிலை நிண்டிட்டுது. இதிலை எப்பவும் கொஞ்சம் கூட நேரம் நிக்கும். உமக்குக் கண் வடிவாத் தெரியுந்தானே? எனக்காண்டி ஒரு உதவி செய்யும். உம்மட பக்கத்து யன்னலாலை மண்ணிறக் கட்டடம் ஒண்டு தெரியும். நாலாம் மாடி, மூலைப் பல்கனி. அதிலை ஆரும் நிக்கினமோ எண்டு பாத்துச் சொல்லும். நான் பாக்கிறேல்லை, சத்தியம் பண்ணினது சத்தியம்தான். நீர் பாத்தா அதிலை ஒண்டும் இல்லை.

நிக்கிறாவோ. வயசான ஆளோ, இளம் ஆளோ? நரை மயிரோ. கொண்டை போட்டிருக்கிறாவோ? ஓம், ஓம், அவதான். கையிலை ஏதும் வைச்சிருக்கிறாவோ? துணியாலை சுத்தி. என்ன நிறத் துணி? முகம் தெரியுதோ உமக்கு? இவ்வளவு தூரத்திலை எப்பிடித் தெரியும் எண்டுறீர், அதுவும் சரிதான். தலை ஆடுதோ, நித்திரையோ?

பஸ் வெளிக்கிட்டிட்டுது. சரி விடும். தம்பி, நாளைக்கும் நீர் இந்த பஸ்ஸிலைதானே வருவீர்?